பெரட்டில் பேர் விழுந்த ஆள்

எங்கள் ஊருக்கு ஒரு கேட் உண்டு. ஊருக்கே கேட் இருக்கிறதென்றால் பெரிய இடம்தான் போலிருக்கிறது என்று மதுரை நண்பர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. பெரும்பாறைக்குப் போகிற பஸ் ரோட்டிலிருந்து ஒரு மண்சாலை பிரிகிறது. பிரிகிற இடத்திலேயே அந்த இரும்புக் கேட். அங்கிருந்து ஊர் இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரும் ஒரு பெரிய காப்பித் தோட்டத்துக்குள் போகிறது. தோட்டம் முதலாளிக்குச் சொந்தம். ஆகவே சாலையும் அவருக்குச் சொந்தம். ஆகவே எங்கள் ஜீப், எங்கள் மிளகு மூட்டை, எங்கள் காய்ச்சல், எங்கள் பிரசவம் எல்லாம் அவருடைய பெருந்தன்மை மீது ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. பாறையோரம் ஒரு சந்து. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். நான் போவதென்றால் மூச்சை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

'எங்கள்' என்று உரிமையோடு எழுதுகிறேன். உண்மையில் நான் குடிவந்தவன். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. அமைதியான இடத்தில் இருந்தால் இன்னும் சிரிப்பாக எழுதலாம் என்று நம்பி இங்கே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தேன். அமைதி கிடைத்தது.

வீட்டுக்காரரே அப்போது ஊராட்சித் தலைவர். தலைவரம்மா என்பார்கள். ஐம்பது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலில் வந்து சேர்ந்தவர். ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படி வந்தவைதான். அங்கிருந்து அவர்கள் கொண்டுவந்த பொருட்களெல்லாம் எப்போதோ உடைந்துவிட்டன. உடையாமல் மிஞ்சியது ஒரு வழக்கம். பெரட்டு.

தோட்டத்தில் காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவாராம். அதுதான் பெரட்டு. ஊரில் பொது வேலை எதுவானாலும் தலைவரம்மா அதையே செய்தார். தண்ணீர்க் குழாய் உடைந்தால், பாதையில் மரம் விழுந்தால், வெள்ளனே ஆறரைக்கு டேங்கடியில் பெரட்டு. பேரைக் கூப்பிடுவார், "இருக்கேங்க" என்று பதில் வரும், ஒரே ஒரு சொல்லில் வேலை போடுவார். "மண்வெட்டி." "கயிறு." "டீ." அவ்வளவுதான். பெரட்டில் பேர் விழுந்தால் மறுக்க முடியாது. எதிர்க்கட்சிக்காரர்கூட "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்த பிறகுதான் திட்ட ஆரம்பிப்பார். விருந்தாளிக்குப் பேர் விழாது. மூன்று வருடத்தில் என் பேர் ஒருமுறைகூட விழவில்லை. எனக்கு அதில் நிம்மதி. கொஞ்சம் வருத்தமும். இரண்டையும் காப்பி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தபடி அனுபவித்தேன்.

அந்த வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் மதியம் அவள் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். காலில் செருப்பு இல்லை. கொடைக்கானலில் ஒரு பங்களாவில் வேலை பார்த்தவள். அங்கே எஜமானியம்மாவின் வைரத்தோடு காணாமல் போயிருக்கிறது. இவள்தான் எடுத்தாள் என்று நாலு நாள் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் தப்பி, தாண்டிக்குடி வழி வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, வழியில் பின்னால் அந்த வீட்டு மேனேஜரின் ஜீப் வருவதைப் பார்த்துப் பயந்து, பஸ் நின்ற இடத்தில் இறங்கி, கண்ணில் பட்ட சந்துக்குள் நுழைந்து ஓடிவந்திருக்கிறாள். அது எங்கள் கேட்டின் சந்து. அந்தப் பங்களா யாருடையது என்று கேட்டோம். சொன்னாள். இந்த மலையில் ஒளிந்துகொள்ள எத்தனையோ ஊர் இருக்க, அதே முதலாளியின் கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற ஒரே ஊரைத் தேடிப்பிடித்து வந்திருந்தாள்.

தலைவரம்மா அவளுக்குச் சோறு போட்டார். அவள் சாப்பிடுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். தோடு பற்றி அவர் ஒன்றும் கேட்பதாகத் தெரியவில்லை. பொறுக்கமாட்டாமல் பின்னால் போய் மெதுவாகக் கேட்டேன்.

"எடுத்தாளா இல்லையான்னு கேக்கலையா?"

"கேட்டா, அவ சொல்றத நம்பணும், இல்லன்னா நம்பக்கூடாது. ரெண்டும் இப்ப என்னால ஆகாது சார்."

"ஒருவேளை எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா அதுக்கு ஸ்டேஷன் இருக்கு. பூட்டி வைக்கிறதுக்கு இவுங்க யாரு, ஜெயிலரா?"

எனக்குப் படிப்பு அதிகம். அடைக்கலம் கொடுத்த அரசர்களைப் பற்றி அரைமணி நேரம் விடாமல் பேசுவேன். அன்று சாயங்காலம் பேசவும் செய்தேன், தலைவரம்மாவிடமே. அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அவுங்களுக்கெல்லாம் கோட்டை இருந்துச்சா சார்?" என்றார். இருந்தது என்றேன். யானைப்படையும் இருந்தது என்று விவரமாகச் சொன்னேன். "நமக்கு ரப்பர் ஸ்டாம்புதான்" என்று சொல்லிவிட்டுத் தோலை ஊதினார்.

அவள் வந்தது வெளியே தெரியக்கூடாது என்று ஊரில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் சொல்லவேண்டியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலாம் நாள் தபால் வாங்க கேட்டுக்குப் போனேன். அங்கே வாட்ச்மேன் இருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், தலைவரம்மா வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவர், முதலாளியின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டடிக் கொட்டகையில் குடியிருந்தார். "என்ன சார், ஊர்ல என்ன விசேஷம்?" என்றார். நகைச்சுவை எழுத்தாளனிடம் அப்படிக் கேட்கலாமா?

"விசேஷமென்ன, தலைவரம்மா வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு. அந்தப் பொண்ணு போடற காப்பி இருக்கே! இந்த மலையில காப்பி விளைய வைக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர். போடத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். பங்களாக் காப்பி தோத்துரும்" என்றேன்.

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அது வழக்கம்தான் என்பதால் நான் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலையில் மேனேஜரின் ஜீப் ஊருக்குள் வந்து நின்றது.

மேனேஜர் மரியாதைக்காரர். வாசலிலேயே நின்று பேசினார். "தலைவரம்மா, உங்க ஊர் மேல முதலாளிக்கு எவ்வளவு பிரியம்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ண அனுப்பி வச்சிருங்க. நாங்க பேசித் தீத்துக்கிறோம்."

"புகார் குடுத்திருக்கீங்களா?"

"வீட்டு விஷயம். அதுக்கெதுக்கு போலீஸு?"

"குடுங்க. பொம்பளப் போலீஸ் வரட்டும். நானே அவளக் கூட்டிக்கிட்டு முன்னால நடந்து வாரேன். உங்க ஜீப்புல மட்டும் ஏத்த மாட்டேன்."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். தலைவரம்மாவின் மகனுக்கு வெளியூரில் வேலை; மருமகள் வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் பாக்கி. அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "கேட்டு பழசாகிப்போச்சும்மா. ரிப்பேருக்குப் பூட்டப்போறோம். எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது."

அன்றே பூட்டினார்கள்.

வாயைத் திறந்தது நான்தான் என்று தலைவரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க சார். நீங்க விருந்தாளி. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இத்தனை வருட எழுத்து வாழ்க்கையில் என்னைப் பற்றி வந்த மிகக் கடுமையான விமர்சனம் அதுதான்.

புத்தகங்களில் அரசன் அடைக்கலம் கொடுப்பது ஒரு வரி. பகைவன் முற்றுகை போடுவது அடுத்த வரி. இரண்டாவது வாரம் குடிமக்கள் அரசனைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. நான் கேட்டேன். ஆரஞ்சுக் கூடையைத் தலையில் வைத்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, சந்தில் ஒருக்களித்து, கூடையை மேலே தூக்கிக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் தலைவரம்மா வீட்டு வாசலில் வந்துதான் வியர்வையைத் துடைத்தார்கள். யாரோ ஒரு திருட்டுக் கழுதைக்காக ஊரே நடக்கணுமா என்று அவர் காதுபடவே கேட்டார்கள்.

அதிகம் கஷ்டப்பட்டவர் மளிகைக்கடை பாய். அவர் சரக்கெல்லாம் ஜீப்பில் வருபவை. ஒருநாள் நேராகவே வந்துவிட்டார்.

"தலைவரம்மா, உங்க மனசு தங்கம். இல்லங்கல. ஆனா அரிசி கேட்டுக்கு அந்தப் பக்கம்ல கெடக்கு?"

"தெரியுது பாய்."

"நூத்தம்பது வீடு ஒரு பக்கம். ஒரு பொண்ணு ஒரு பக்கம். நீங்க எந்தப் பக்கம்?"

"நூத்தம்பது வீட்டுல எந்த வீட்டுப் பொண்ணு ஓடியாந்தாலும் இதேதான் செய்வேன். அப்ப எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

"சோலியப் பாக்கிறேன்" என்று எழுந்த பாய், வாசலில் நின்று பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வைத்தார். "அந்தப் புள்ள வெறுங்காலோட திரியுது. அட்டை கடிக்கும்" என்றார், கோபமாக.

மருமகளுக்கும் கோபம்தான். "எனக்கு வலி வந்தா இவளா தூக்கிட்டுப் போவா?" என்று அடுப்படியில் கேட்டாள். அந்தப் பெண் பக்கத்திலேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடர்ந்தது. அன்று தலைவரம்மா என்னிடம் கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நல்ல தமிழில் இருந்ததாகச் சொன்னார்கள். கேட் திறக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? மருமகளை இப்போதே வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடலாமே என்று தலைவரம்மாவிடம் சொன்னேன். சொந்தம் யாருமில்லை, டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றார். அப்படியானால் அந்தப் பெண்ணை... என்று இழுத்தேன்.

"சொல்லுங்க சார்."

"அனுப்பறதுன்னு இல்ல. ஒரு பேச்சுவார்த்தை மாதிரி..."

"தப்புப் பண்றேனோன்னு எனக்கும்தான் இருக்கு சார். ராத்திரியானா மருமக வயித்தப் பாக்கிறேன், கேட்ட நெனைக்கிறேன். ஆனா இவள அனுப்பிட்டு அந்தக் கேட்டுக்குள்ள போய்ட்டு வந்து இருக்க முடியுமான்னு பாக்கிறேன். முடியல."

டாக்டர் குறித்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வலி வந்தது. விடிகிற நேரம், நல்ல தூறல். 108-க்குச் சொல்லியாயிற்று, கேட் வரைக்கும்தான் வரும். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கழியைக் கட்டி டோலி தயாரானது. அப்போதுதான் கவனித்தோம்: அந்தப் பெண்ணைக் காணோம். செருப்பும் இல்லை.

"கேட்டுக்குத்தான் போயிருக்கா" என்றார் தலைவரம்மா. யாரும் கேட்காமலே சொன்னார். "வாங்க, சொணங்காம."

எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கினார்கள். தலைவரம்மா அந்த முழங்காலோடு முன்னால் நடந்தார். நான் பின்னால், மூச்சுவாங்கிக்கொண்டு, தேவைப்பட்டால் தூக்கலாம் என்ற முகத்தோடு, தேவைப்படக்கூடாது என்ற வேண்டுதலோடு போனேன்.

கேட்டடியில் அவள் நின்றாள். நனைந்திருந்தாள். வாட்ச்மேனிடம், மேனேஜருக்குப் போன் போடுங்க, நான் வந்துட்டேன், கேட்டத் திறந்துவிடச் சொல்லுங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் போட்டிருக்கிறார். 'அவளைப் பிடித்து வை, நான் வரும்வரை திறக்காதே' என்று உத்தரவு. தாண்டிக்குடிப் பக்கமிருந்து ஜீப் கிளம்பிவிட்டதாம். அரைமணி நேரம் ஆகும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கோடு நின்றது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தார். டோலியில் மருமகள் கத்தினாள். சந்தைப் பார்த்தேன். அந்த வயிறு அதில் போகாது.

"திறடா" என்று டோலி தூக்கியவர்கள் கத்தினார்கள். பாய் ஒரு கல்லை எடுத்துவிட்டார். வாட்ச்மேன் சாவிக்கொத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என் பொழப்புங்க, என் பொழப்புங்க" என்று பாறையோடு ஒட்டினார். பூட்டு விரல் தடிமன். கல்லுக்கெல்லாம் அசையாது. சாவியைப் பிடுங்கலாம். இன்னும் ஒரு நிமிடத்தில் பிடுங்கியிருப்பார்கள். பள்ளத்தில் யாராவது விழுந்துமிருப்பார்கள்.

தலைவரம்மா கை காட்டினார். சத்தம் நின்றது. நிமிர்ந்து நின்றுகொண்டு, டேங்கடியில் நிற்கிற அதே மாதிரி, அதே குரலில் ஒரு பேரைக் கூப்பிட்டார். மளிகைக்கடை பாயின் பேர்.

பாய் திகைத்தார். பிறகு கல்லைக் கீழே போட்டார். "இருக்கேங்க."

"முன்கட்டை."

அடுத்த பேர். "இருக்கேங்க." "முன்கட்டை." அடுத்தது. "பின்கட்டை." ஒவ்வொருவராக வந்து கழியைத் தோளுக்கு மாற்றினார்கள். அடுத்து ஒரு பேர் வந்தது. பழக்கமான பேராக இருக்கிறதே என்று யோசித்தேன். என்னுடையது.

"இருக்கேங்க" என்றேன். குரல் கிரீச்சிட்டது.

"குடை."

என் குடையில் இரண்டு கம்பி உடைந்திருந்தது. அதை மருமகள் தலைக்கு மேல் பிடித்தேன். இதுவரை இவ்வளவு பொறுப்பாக நான் எதையும் பிடித்ததில்லை.

பிறகு அவர் அந்தப் பெண்ணின் பேரைக் கூப்பிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரட்டு அவளுக்குத் தெரியும், ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். விருந்தாளிக்குப் பேர் விழாது என்பதும் தெரியும்.

"இருக்கேங்க" என்றாள், காற்றாக.

"துணை. வண்டியில கூட ஏறு."

சொல்லிவிட்டு டோலியருகில் போனார். ஆஸ்பத்திரியில் நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள் அல்லவா? மருமகளின் கழுத்துச் சங்கிலியையும், காதிலிருந்த தோட்டையும், கைவளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கைக்குட்டையில் முடிந்தார். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பத்திரம்" என்றார்.

மழையில் அத்தனை பேர் நின்றோம்; ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கமாட்டேன் என்று அவர் முதல் நாள் சொன்ன கேள்வி அங்கே இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காமலே பதிலையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பதுபோல. நான் குடையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தேன். மழைக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கடைசிப் பேர். திரும்பாமல், கேட்டைப் பார்த்தபடியே கூப்பிட்டார். வாட்ச்மேனின் பேர். காக்கிச்சட்டை போட்ட நாளிலிருந்து டேங்கடியில் யாரும் கூப்பிடாத பேர்.

அவர் பாறையோடு ஒட்டியபடி நின்றார். உதடு அசைந்தது. மழைச் சத்தம்.

"இருக்கேன்க்கா."

"கேட்டு."

அவர் நடந்து வந்து பூட்டில் சாவியைப் போட்டார். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை திறந்தது.

டோலி போனது, குடை போனது, துணை ஏறினாள், ஆம்புலன்ஸ் வளைவில் இறங்கியது. தலைவரம்மா மட்டும் ஏறவில்லை. வாட்ச்மேனின் முக்காலியை இழுத்துக் கேட்டுக்கு நடுவே போட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "வாரவுங்களுக்கு ஆள் இருக்கணும்ல?" என்றார். மேனேஜர் வந்தபோது எழுந்திரிக்கவில்லை. "புகார் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் எதையோ பேசினார்; காக்கிச்சட்டையைக் கழற்றச் சொன்னார். வாட்ச்மேன் மழையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். யாரோ ஒரு துண்டைப் போர்த்தினார்கள்.

பெண் குழந்தை. சாயங்காலம் அந்தப் பெண் பஸ்ஸில் வந்து இறங்கி, கைக்குட்டை முடிச்சை அவிழ்க்காமலே தலைவரம்மாவிடம் நீட்டினாள். அவரும் அவிழ்த்துப் பார்க்காமல் பெட்டியில் வைத்தார். அப்புறம்தான் அவள், ஸ்டேஷனுக்குப் போகலாங்க்கா, பூட்டி வச்சதச் சொல்லணும் என்றாள். போனார்கள். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவள் காப்பிப் பழம் பறித்து முடிகிறவரை ஊரில் இருந்து, பிறகு திருப்பூர் போனாள். வைரத்தோடு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசை உண்டு. அதனால்தான் நான் ஊராட்சித் தலைவராக இல்லை.

கேட்டுக்கு இரண்டு முறை புதுப் பூட்டு கொண்டுவந்தார்கள். தொங்கவிட முடியவில்லை. அன்றைக்கு மறுநாளிலிருந்து தினமும் டேங்கடியில் பெரட்டு, தினமும் கடைசிப் பேருக்கு "கேட்டு." பேர் விழுந்தவர் போய் அந்த முக்காலியைக் கேட்டின் நடுவே போட்டு சாயங்காலம்வரை உட்கார வேண்டும்; ராத்திரிக்கு வேறு ஆள். பாய் உட்கார்ந்தார், கணக்கு நோட்டோடு. பழைய வாட்ச்மேன் உட்கார்ந்தார், சம்பளமில்லாமல் அதே வேலை என்று சிரித்துக்கொண்டு.

பதினோராம் நாள் எனக்கு விழுந்தது. ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனேன். பத்து மணிக்கு ஜீப் வந்து என் முழங்காலுக்கு முன்னால் நின்றது. மேனேஜர் தலையை நீட்டினார்.

"சார், நீங்க படிச்சவரு. இந்த ஊருக்கு விருந்தாளியா வந்தவரு. உங்களுக்கெதுக்கு இந்தச் சோலி? கொஞ்சம் எந்திரிங்க."

எந்திரிக்கலாம்தான். புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"விருந்தாளி இல்லீங்க" என்றேன். "பேர் விழுந்த ஆளு."

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது ஜீப் திரும்பிப் போன பிறகுதான் தெரிந்தது.